அச்சகத்தில் கூடிய பன்னிருவர்

ஒரு சங்கத்துக்கோ, அறக்கட்டளைக்கோ, பங்குப் பேரவைக்கோ உறுப்பினர்களைத் தேடும்போது நம்மிடையே எழும் முதற்கேள்வி, "அவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்பதே. வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் நீதிமன்ற அலைச்சல் குறையும். வங்கியில் பணியாற்றியவர் கணக்கைப் பார்த்துக்கொள்வார். பொறியாளர் கட்டட வேலையைக் கவனிப்பார். ஆசிரியர் ஆண்டறிக்கை எழுதுவார். இவ்வாறு எண்ணியே பெயர்ப் பட்டியல்கள் உருவாகின்றன. இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், ஒருவருடைய தொழில் அவர் அமர்கின்ற குழுவுக்கு எதைக் கொண்டுவருகிறது, எதை அதன் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதை நாம் அரிதாகவே சிந்திக்கிறோம். அவ்வாறு சிந்திக்க உதவும் ஒரு நிகழ்ச்சி இங்கிலாந்தின் வரலாற்றில் உண்டு. ஊதியம் பெறாத ஒரு சிறு குழு, இருபது ஆண்டுகளில் ஒரு பேரரசின் சட்டத்தையே மாற்றிய நிகழ்ச்சி அது.

1787ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், இலண்டன் மாநகரில் வங்கிகள் நிறைந்த லம்பார்டு தெருவை ஒட்டிய ஜார்ஜ் முற்றத்தில், ஜேம்ஸ் பிலிப்ஸ் என்பவருடைய அச்சகத்தில் பன்னிருவர் கூடினர். ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்தின் தோட்டங்களுக்கு விற்கும் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கான சங்கம் அன்று பிறந்தது. அந்தப் பன்னிருவருள் ஒரு பிரபுவும் இல்லை. ஓர் ஆயரும் இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. சாமுவேல் ஹோர் வங்கியாளர்; அவரே பொருளாளர் ஆனார். ஜோசப் உட்ஸ் கம்பளித் துணி வணிகர். ரிச்சர்டு பிலிப்ஸ் வழக்கறிஞர். கிரான்வில் ஷார்ப் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து விலகியவர். தாமஸ் கிளார்க்சன் அண்மையில் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்திருந்த இளம் திருத்தொண்டர். மற்றவர்களுள் பெரும்பாலோர் வணிகர்கள்.

வணிகர்கள் வந்த வழி

இக்குழுவில் வணிகர்களே மிகுந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பன்னிருவருள் ஒன்பதின்மர், நண்பர்கள் சபை எனப்படும் குவேக்கர் சபையைச் சார்ந்தவர்கள். ஆணையிட்டு உறுதி கூறுவதை அவர்கள் பாவமாகக் கருதினர். ஆங்கில அரசுத் திருச்சபையின் வழிபாட்டையும் ஏற்கவில்லை. எனவே பாராளுமன்றமும் அரசுப் பதவிகளும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டங்களும் அவர்களுக்கு அடைக்கப்பட்ட கதவுகளாயின. நம் கத்தோலிக்கரும் அந்நாட்டில் அதே நிலையில்தான் இருந்தனர். 1829ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பாராளுமன்றத்தில் அவர்கள் அமர இயலவில்லை. படிப்பும் பதவியும் மறுக்கப்பட்ட குவேக்கர்கள் கடைத்தெருவுக்குச் சென்றனர். பேரம் பேசாமல் ஒரே விலை கூறுவது, கொடுத்த சொல்லைக் காப்பது, கடனை நாள் தவறாமல் தீர்ப்பது என்னும் ஒழுங்கு அவர்களை நாட்டின் நம்பிக்கைக்குரிய வணிகர்களாகவும் வங்கியாளர்களாகவும் ஆக்கிற்று.

அந்த ஒழுங்கே பின்னர் ஓர் அறப்போராட்டத்தின் கருவியாயிற்று. குறிப்பேடு வைத்தல், கடிதத்துக்கு உடனே மறுமொழி எழுதுதல், வெளியூர்களில் நம்பிக்கையான முகவர்களை வைத்திருத்தல், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுதல் ஆகியன அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். 1783ஆம் ஆண்டிலேயே அவர்களது சபை அடிமை வணிகத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அளித்திருந்தது. அதே ஆண்டில் அவர்களுள் அறுவர் தாமாகவே ஒரு சிறு குழுவாக இணைந்து செய்தித்தாள்களுக்கு எழுதத் தொடங்கினர். ஆனால் குவேக்கர்கள் மட்டும் பேசினால், விந்தையான உடையணிந்த சிறுபான்மையினரின் குரல் என்று நாடு அதை ஒதுக்கிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனவேதான் 1787இல் ஷார்ப், கிளார்க்சன், பிலிப் சான்சம் என்னும் மூன்று ஆங்கிலிக்கரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டனர்.

எழுத்தர் கற்ற சட்டம்

கிரான்வில் ஷார்ப்பின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1735இல் பிறந்த இவர் ஒரு பேராயரின் பேரன். எனினும் குடும்பத்தில் வசதி குறைந்ததால் பதினைந்தாம் வயதில் இலண்டனில் ஒரு குவேக்கர் துணிவணிகரிடம் தொழில் பழக விடப்பட்டார். அவர் இறந்தபின் வேறு முதலாளிகளிடம் பணி செய்தார். அவர்களுள் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கரும் இருந்தார். உடன் பணிபுரிந்தவர்களோடு மறைநூல் பற்றி வாதிடுவதற்காகவே கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றார். பின்னர் அரசின் படைக்கலத் துறையில் எழுத்தரானார்.

1765இல் அவருடைய உடன்பிறந்தாரான அறுவை மருத்துவர் வில்லியம் ஷார்ப், ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்துவந்தார். அவருடைய வீட்டு வாயிலில் ஜோனதன் ஸ்ட்ராங் என்னும் ஆப்பிரிக்க இளைஞர் நிற்கக்கூட இயலாத நிலையில் நின்றார். துப்பாக்கியின் கைப்பிடியால் தலையில் அடித்துக் கண்பார்வையும் மங்கும் அளவுக்கு அவரை வதைத்துத் தெருவில் தள்ளியவர், பார்படோஸ் தீவில் தோட்டம் வைத்திருந்த ஒரு வழக்கறிஞர். மருத்துவர் அந்த இளைஞரைக் குணமாக்கினார். ஈராண்டுகள் கழித்து, நலமடைந்து நடமாடும் தம் முன்னாள் அடிமையைத் தெருவில் கண்ட அந்த வழக்கறிஞர், அவரை 30 பவுண்டுக்கு இன்னொருவருக்கு விற்றுச் சிறையில் அடைக்கச் செய்தார். ஷார்ப் தலையிட்டு மாநகரத் தலைவரின் முன் முறையிட்டு அவரை விடுவித்தார். உடனே ஷார்ப்பின் மீதே வழக்குத் தொடரப்பட்டது. அவர் நாடிய சட்ட வல்லுநர்கள், சட்டம் உடைமையாளர் பக்கமே இருக்கிறது, எதிர்த்துப் பயனில்லை என்றனர்.

படைக்கல அலுவலகத்தின் அந்த எழுத்தர் இதை ஏற்கவில்லை. பகலில் அலுவலக வேலை, இரவில் சட்ட நூல்கள் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து, இங்கிலாந்தின் பொதுச்சட்டம் அடிமைத்தனத்தை ஏற்கவில்லை என்று நிறுவி, 1769இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர் தொடர்ந்து துணைநின்ற வழக்குகளின் விளைவாக, 1772ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ஜேம்ஸ் சாமர்செட் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். எந்த உடைமையாளரும் ஓர் அடிமையை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுசெல்ல முடியாது என்று அத்தீர்ப்பு கூறிற்று.

பிறகு அமெரிக்கக் குடியேற்றங்களோடு போர் மூண்டது. அந்த மக்கள்மீது பயன்படுத்தப்படவிருந்த படைக்கலங்களை அனுப்பும் பணியில் தாம் பங்குகொள்ள முடியாது என்று கூறி, ஷார்ப் வேலையைத் துறந்தார். அதன்பின் அவருடைய உடன்பிறந்தோரே அவரைத் தாங்கினர். 1787இல் சங்கத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், ஆண்டுக்கணக்கில் நடந்த கூட்டங்களில் ஒருமுறைகூடத் தலைவரின் நாற்காலியில் அமராமல், அறையின் கடைக்கோடியிலேயே அமர்ந்தார் என்று கிளார்க்சன் பதிவுசெய்திருக்கிறார். விருந்தில் கடைசி இடத்தைத் தேடச் சொன்ன நம் ஆண்டவரின் அறிவுரையை அந்த முன்னாள் எழுத்தர் சொல்லளவில் நிறுத்தவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அடித்தவரும் வழக்கறிஞர், சட்டத்தைக் காட்டிக் கைவிரித்தவர்களும் சட்ட வல்லுநர்கள். சட்டத்தைத் திருப்பியவரோ அத்தொழிலைச் சாராத ஒருவர். மருத்துவத் தொழிலிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். 1781இல் சாங் என்னும் கப்பலிலிருந்து ஆப்பிரிக்கர் 130க்கும் மேற்பட்டோர், காப்பீட்டுப் பணத்துக்காக உயிரோடு கடலில் எறியப்பட்டனர். அக்கப்பலின் தலைவர் அதற்குமுன் அடிமைக் கப்பல் மருத்துவராக இருந்தவர். 1783இல் வழக்கு மன்றத்துக்கு வந்தபோது, அது கொலை வழக்காக அன்று, காப்பீட்டு வழக்காகவே விசாரிக்கப்பட்டது. குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கு ஒப்பாகவே அது பேசப்பட்டது. அலெக்சாந்தர் பால்கன்பிரிட்ஜ் என்னும் இன்னொரு மருத்துவர் நான்கு முறை அடிமைக் கப்பல்களில் சென்றவர். அவர் அத்தொழிலை விட்டு விலகி, தாம் கண்டதையெல்லாம் கிளார்க்சனிடம் கூறி, 1788இல் நூலாகவும் வெளியிட்டார். இருவரும் கற்ற மருத்துவம் ஒன்றே. தொழில் திறமையைத் தரும். அத்திறமையை யார் பக்கம் வைப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அச்சு, மண், குதிரை

இனி, சங்கத்தின் வேலை நடந்த முறையைப் பார்ப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொழிலையே காணிக்கையாக்கினர்.

ஜேம்ஸ் பிலிப்ஸ் அச்சகர் மட்டுமல்லர், நூல் விற்பனையாளரும்கூட. எந்த நூல் எவ்வளவு அச்சிட வேண்டும், எந்த ஊருக்கு யார் வழியாக அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதல் பதினைந்து மாதங்களில் ஏறக்குறைய 51,000 நூல்களையும் சிறுநூல்களையும், 26,000 சுருக்க அறிக்கைகளையும் சங்கம் பரப்பிற்று. முன்பு அடிமைக் கப்பலின் தலைவராகவும் பின்பு ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவாகவும் இருந்த ஜான் நியூட்டன் எழுதிய சாட்சியமும் அவற்றுள் ஒன்று. அந்த அச்சகத்திலிருந்து வந்தவற்றுள் மிக வலிமையானது, 1789இல் வெளியான ஒரு படம். பிளிமத் நகரக் கிளையினர் முதலில் உருவாக்கியதை இலண்டன் குழு விரிவாக்கி அச்சிட்டது. லிவர்பூலைச் சேர்ந்த புரூக்ஸ் என்னும் கப்பலின் குறுக்குத் தோற்றம் அது. 1788ஆம் ஆண்டின் புதிய சட்டம் அக்கப்பலில் 454 பேரை ஏற்ற அனுமதித்தது. அதற்கு முந்தைய ஒரு பயணத்திலோ 609 பேர் ஏற்றப்பட்டிருந்தனர். அச்சட்டம் அனுமதித்த அளவுக்கு வரைந்தபோதே, மனிதர் அடுக்கப்பட்ட பலகைகளாகத் தோன்றினர். அப்படத்தில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை; அளவுகோல் மட்டுமே இருந்தது. ஆயினும் சொற்பொழிவுகள் பல செய்யாததை அது செய்தது.

ஜோசையா வெட்ஜ்வுட் 1787இலேயே குழுவில் சேர்ந்தார். மட்பாண்டத் தொழிலில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றவர் அவர். சங்கத்தின் முத்திரையாக ஏற்கப்பட்ட உருவத்தை, அதாவது விலங்கிட்ட கைகளை உயர்த்தி முழந்தாளிட்டிருக்கும் ஓர் ஆப்பிரிக்கர், தானும் ஒரு மனிதன், ஓர் உடன்பிறப்பு அல்லவா என்று கேட்கும் உருவத்தை, அவர் தம் ஆலையில் வெண்ணிறப் பதக்கத்தில் கருநிறப் புடைப்பாகச் செய்து இலவசமாக வழங்கினார். ஆண்கள் அதைப் பொடிப்பெட்டியில் பதித்தனர். பெண்கள் கைவளையிலும் கொண்டையூசியிலும் அணிந்தனர். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் 1788இல் அவர் ஒரு பொதி அனுப்பினார்.

கிளார்க்சனுக்கு அச்சகமும் இல்லை, ஆலையும் இல்லை. மனிதரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்னும் பொருளில் 1785இல் கேம்பிரிட்ஜில் நடந்த இலத்தீன் கட்டுரைப் போட்டியில் அவர் பரிசு பெற்றார். பரிசுக்காகத் தொடங்கிய ஆய்வு, இலண்டனுக்குச் செல்லும் வழியில் அவரைக் குதிரையிலிருந்து இறங்கிச் சாலையோரம் உட்கார வைத்தது. தாம் எழுதியது உண்மையானால் யாராவது இக்கொடுமைக்கு முடிவு காண வேண்டுமே என்று அங்கே அவர் எண்ணினார். திருச்சபைப் பணியில் தமக்குக் காத்திருந்த உயர்வுகளை விட்டுவிட்டு, சங்கத்தின் கண்ணும் காதுமாக நாடெங்கும் அலைந்தார். ஏழு ஆண்டுகளில் அவர் கடந்த தொலைவு 35,000 மைல். மாணவப் பருவத்தில் பழகிய ஆராய்ச்சி முறையை அவர் துறைமுகங்களுக்குக் கொண்டுசென்றார். சுங்க அலுவலகங்களில் மாலுமிப் பட்டியல்களைத் தேடி, ஏறக்குறைய 20,000 மாலுமிகளின் விவரங்களைத் திரட்டினார். அடிமை வணிகம் ஆங்கிலேய மாலுமிகளுக்குப் பயிற்சிக் களம் என்று அதன் ஆதரவாளர் கூறிவந்தனர். அது அவர்களுக்குக் கல்லறையாக இருந்ததை அப்பட்டியல்களே காட்டின. லிவர்பூலில் ஒரு கடையில் வெளிப்படையாக விற்கப்பட்ட கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகுகருவி, உண்ண மறுப்போரின் வாயைப் பிளக்கும் கருவி ஆகியவற்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். அதே நகரின் துறைமுகத்தில் அவரைக் கடலில் தள்ளிக் கொல்லவும் ஒரு கூட்டம் முயன்றது.

இவ்வுழைப்பின் பயன் மக்களிடமிருந்து வந்தது. 1788இல் நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் பாராளுமன்றத்தை அடைந்தன. 1792இல் 519 விண்ணப்பங்கள், ஏறக்குறைய 3,90,000 கையொப்பங்களுடன் குவிந்தன. பாராளுமன்றத்தில் குரலெழுப்பிய வில்லியம் வில்பர்போர்ஸின் பெயரையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் முறைப்படி இக்குழுவில் சேர்ந்தது 1791இல்தான். அவர் கையில் இருந்த சான்றுகள் இக்குழு திரட்டித் தந்தவை.

ஆனால் வெற்றி எளிதில் வரவில்லை. 1791இல் மக்களவை 163க்கு 88 என்ற வாக்கில் மசோதாவைத் தள்ளியது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சமும் அதைத் தொடர்ந்த போரும் சீர்திருத்தம் என்ற சொல்லையே ஐயத்துக்கு உள்ளாக்கின. 1794இல் கிளார்க்சன் உடல்நலம் குன்றி ஒதுங்கினார். சங்கம் சில ஆண்டுகள் செயலற்றுக் கிடந்து, 1804இல் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை புதியவர்கள் வந்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் வழக்கறிஞராக இருந்து, அடிமைகளின் நிலையை நேரில் கண்ட ஜேம்ஸ் ஸ்டீபன் அவர்களுள் ஒருவர். பதினாறாம் வயதில் ஜமைக்காத் தோட்டத்தில் கண்காணியாகப் பணிபுரிந்து, மனம் மாறிய சக்கரி மெக்காலே மற்றொருவர். போர்க்காலக் கடற்சட்டத்தில் வல்லுநரான ஸ்டீபனின் யோசனையே பூட்டைத் திறந்தது. எதிரி நாடுகளின் குடியேற்றங்களுக்கு ஆங்கிலேயக் கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுசெல்வதைப் போர் நடவடிக்கையாகத் தடைசெய்யும் சட்டம் 1806இல் நிறைவேறியது. அவ்வணிகத்தின் பெரும்பகுதி அதனாலேயே வீழ்ந்தது. மறு ஆண்டு மக்களவை 283க்கு 16 என்ற வாக்கில் ஒழிப்பு மசோதாவை ஏற்றது. மங்கள வார்த்தைத் திருநாளான 1807 மார்ச் 25இல் அது சட்டமாயிற்று.

மற்றொரு குழு

இதே காலத்தில் இலண்டனில் இன்னொரு குழுவும் கூடிவந்தது. வெளிநாடுகளில் நற்செய்தி பரப்பும் ஆங்கிலிக்கச் சங்கத்தின் ஆட்சிக்குழு அது. எஸ்.பி.ஜி. என்னும் அதன் சுருக்கப்பெயர் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் நமக்குப் பழக்கமானதே. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பள்ளிகளையும் பணித்தளங்களையும் நடத்திய சங்கம் அது. பேராயரே அதன் தலைவர். ஆயர்களும் கற்றறிந்த குருக்களும் உறுப்பினர்கள். 1710இல் கிறிஸ்டபர் காட்ரிங்டன் என்பவர் இறக்கும்போது, பார்படோஸ் தீவிலிருந்த தம் இரண்டு கரும்புத் தோட்டங்களை, அங்கிருந்த அடிமைகளோடு சேர்த்து, கல்லூரி ஒன்று அமைப்பதற்காக இச்சங்கத்துக்கு எழுதிவைத்தார். சங்கம் அதை ஏற்றது. சில காலம் அந்த அடிமைகளின் மார்பில், "சங்கம்" என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது.

1783இல் ஆயர் பெய்ல்பி போர்ட்டியஸ் அச்சங்கத்தின் ஆண்டுவிழாவில் மறையுரையாற்றி, அத்தோட்டங்களின் அடிமைகளது நிலையைச் சீர்ப்படுத்துமாறு மன்றாடினார். பின்னர் அதற்கான திட்டமும் அளித்தார். குழு அதை ஏற்கவில்லை. அவர் கேட்டது விடுதலையைக்கூட அன்று, நிலையைச் சீர்ப்படுத்துவதை மட்டுமே. நான்காண்டுகள் கழித்துத்தான் அந்த அச்சகத்தில் பன்னிருவர் கூடினர். இறையியல் கற்ற குழு ஒன்று தன் சொந்தத் தோட்டத்தில் காணாததைத் துணி விற்றவர்களும் அச்சுக் கோத்தவர்களும் கண்டனர். இதைச் சொல்லும்போது நாம் பிற சபையினரை மட்டும் சுட்டுவது முறையாகாது. 1838இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இயேசு சபையினர் 272 அடிமைகளை விற்று, அத்தொகையில் ஒரு பகுதியால் தங்கள் கல்லூரியின் கடனை அடைத்தனர். திருத்தந்தை 16ஆம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டில். குருத்துவக் கல்லூரியில் பயின்ற நம்மைப் போன்றோர் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு நல்ல நோக்கத்துக்காக வரும் பணம், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை எவ்வளவு எளிதில் அடக்கிவிடுகிறது!

இடம் பெறாதவர்கள்

ஆயினும், பன்னிருவரின் குழுவையும் குறையற்றதெனப் போற்றிவிட முடியாது. தொடக்கத்திலேயே அவர்கள் முன் ஒரு கேள்வி எழுந்தது. எதிர்க்க வேண்டியது அடிமை வணிகத்தையா, அடிமை முறையையா? ஷார்ப் அடிமை முறையையே எதிர்க்க வேண்டுமென்றார். பெரும்பான்மையோர் வணிகத்தை மட்டும் எதிர்ப்பதெனத் தீர்மானித்தனர். தோட்ட உரிமையாளரின் உடைமையில் கைவைப்பதாகத் தோன்றினால் பாராளுமன்றம் செவிகொடாது என்பது அவர்கள் கணிப்பு. நடைமுறை அறிந்தவர்களின் கணிப்பு அது. இருபது ஆண்டுகளில் பலித்த கணிப்பும்கூட. ஆனால், அதற்குள் அடிமைகளாக இருந்தவர்கள் மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்தது.

அந்த மேசையில் அடிமையாக இருந்த ஒருவராவது அமர்ந்திருந்தால் அக்கேள்விக்கு விடை வேறாக இருந்திருக்குமோ என்று நாம் கேட்கலாம். அத்தகையோர் இலண்டனில் இல்லாமல் இல்லை. ஒலாடா ஈக்வியானோ அங்கேயே வாழ்ந்தார். மாலுமியாகவும் முடிதிருத்துபவராகவும் கணக்கெழுதுபவராகவும் பல தொழில்கள் கற்றவர் அவர். சிறுவணிகம் செய்து சேர்த்த பணத்தால் 1766இல் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியவர். அப்போது அவருடைய உடைமையாளராக இருந்தவரும் ஒரு குவேக்கர் வணிகரே. சாங் கப்பலின் கொடுமையை 1783 மார்ச்சில் ஷார்ப்பிடம் முதலில் ஓடிவந்து கூறியவர் ஈக்வியானோதான். 1789இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு பல பதிப்புகள் கண்டது. அவரும் அவருடைய தோழர்களும் "ஆப்பிரிக்காவின் மைந்தர்கள்" என்ற பெயரில் செய்தித்தாள்களுக்கு எழுதினர். குழு அவர்களது சாட்சியத்தைப் பயன்படுத்தியது. ஆனால், பன்னிரு இருக்கைகளில் ஒன்றையும் அவர்களுக்கு அளிக்கவில்லை.

பெண்களுக்கும் இருக்கை இல்லை. ஆனால், 1791 முதல் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தம் வீட்டில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அப்புறக்கணிப்பை இல்லந்தோறும் நடத்தியவர்கள் பெண்களே. 1823இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் நோக்கோடு புதிய சங்கம் தோன்றியபோது, படிப்படியாக அன்று, உடனடியாக ஒழிக்க வேண்டும் என்று 1824இல் சிறுநூல் எழுதியவர் லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் என்னும் கைம்பெண். 1830இல் பர்மிங்காம் பெண்கள் சங்கத்தார், "படிப்படியாக" என்ற சொல்லை நீக்காவிட்டால் தங்கள் நன்கொடையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தனர். ஆண்களின் ஆட்சிக்குழு அச்சொல்லை நீக்கியது.

1833இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, உடைமையாளர்களுக்கு. காட்ரிங்டன் தோட்டத்துக்காக மேற்சொன்ன நற்செய்திச் சங்கமும் 8,823 பவுண்டு பெற்றது. விடுவிக்கப்பட்ட ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. விடுதலை பெற்றோர் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், 1834 முதல் மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரைக் கப்பலேற்றினர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். உடைமையின் மொழியில் பேசப் பழகியவர்கள் எழுதிய தீர்வு, உழைப்பவரின் பக்கத்திலிருந்து கணக்கைப் பார்க்கத் தவறியது.

நம் மேசைகளுக்கு

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மறைமாவட்ட நிதிக்குழுவுக்குப் பொருளியலிலும் நாட்டுச் சட்டத்திலும் தேர்ந்த, நேர்மையில் சிறந்த இறைமக்களைத் தெரிவுசெய்யப் பணிக்கிறது. ஆயரின் நெருங்கிய உறவினரை விலக்குகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டுமென்றும் கூறுகிறது. எனவே தொழில்திறனைத் தேடுவது வெறும் உலக வழக்கமன்று, திருச்சபையே கேட்டுக்கொள்வது. நல்ல எண்ணம் மட்டும் உள்ள குழு, கணக்குத் தெரியாமல் அறப்பணியையே கெடுத்துவிடும் என்பதை நம் பங்குகளின் அனுபவமும் அறியும். சாமுவேல் ஹோரின் கணக்கேடு இல்லாமல் கிளார்க்சனின் குதிரை நெடுந்தொலைவு ஓடியிராது.

ஆனால், திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் நமக்கு மற்றொன்றையும் கற்பிக்கிறது. எருசலேம் திருச்சபையில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்தது. உடனே எழுவர் தெரிவுசெய்யப்பட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா என்னும் ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே பங்கிடுவோர் எடுக்கப்பட்டனர் என்று அறிஞர் பலர் இதிலிருந்து கருதுகின்றனர். அவர்களுடைய தொழில் என்ன என்று புனித லூக்கா குறிப்பிடவே இல்லை. நற்சான்றும் ஞானமும் தூய ஆவியும் நிறைந்தவர்கள் என்று மட்டும் எழுதுகிறார்.

நம் பங்குகளில் மீண்டும் ஒரு பேரவைக்கோ, பள்ளி நிர்வாகக் குழுவுக்கோ பெயர்கள் எழுதப்படும்போது, வழக்கறிஞரின் பெயரும் வங்கி அலுவலரின் பெயரும் அதில் இருக்கட்டும். அவர்களது திறமை நமக்குத் தேவை. அதன்பின், இக்குழு எடுக்கும் முடிவுகள் யாருடைய வாழ்வைத் தொடுகின்றன என்று ஒருமுறை கேட்போம். கட்டணம் செலுத்த இயலாத மாணவரின் தாய், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர், கோயில் வளாகத்தைப் பெருக்கும் பெண், கரையில் மீன் விற்றுக் காணிக்கை போடுபவர் என்று நமக்கு உடனே சிலர் நினைவுக்கு வருவர். அவர்களைச் சாட்சி சொல்ல மட்டும் அழைக்காமல், அவர்களுள் ஒருவருக்கேனும் இருக்கை தந்து, அவர் பேசும்வரை தீர்மானத்தை எழுதாமல் காத்திருப்போம். அதற்காகக் கற்றவர்களுள் ஒருவர் கடைக்கோடிக்குச் செல்ல நேர்ந்தால், கிரான்வில் ஷார்ப் அமர்ந்த இடம் அதுதான்.